இரண்டாம் கியர்

மங்களூர்க் கடலில் பின்சக்கரம் நனைத்துக் கிளம்பியவர்கள்
கடலூர்க் கடலில் முன்சக்கரம் நனைக்க வேண்டும்.
நான்கு பேர். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மாற்றி மாற்றி.
நான் அவர்களில் இல்லை.
முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டி என்னுடையது,
டீசலும் பேட்டாவும் பேசி வந்தேன்.
ஐஸ் பெட்டியை மூன்று தடவை பினாயில் ஊற்றிக் கழுவியும்
உப்புச் சர்க்கரைத் தண்ணீரில் வஞ்சிரம் அடிக்கிறது என்று
முதல் நாள் முகம் சுளித்தாள் தெரேஸ்.
இரண்டாம் நாள் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இரவில் என் வேலை விளக்குப் பிடிப்பது.
இருபது அடி பின்னால், இரண்டாம் கியரில்
என்ஜின் முனக முனக ஊர்வது.
வண்டி வெளிச்சத்தில்
அவரவர் நிழல் அவரவருக்கு முன்னால் நீண்டு ஓடும்.
அதை முந்திப் போனவர் இதுவரை இல்லை.

முகங்கள் அவ்வளவாகப் பழக்கமில்லை எனக்கு,
முதுகு தெரியும்.
அமிர்தகடேசன் சாருக்குத் தூக்கம் வந்தால்
தலை ஆடாது, விறைத்து நிற்கும்,
கூட்டுறவு வங்கியில் ஆடிட் நடக்கிற மாதிரி.
லேசாக ஒரு ஹாரன் கொடுப்பேன்.
ரெமி பேசிக்கொண்டே மிதிப்பான்,
யாரிடம் என்று நான் கேட்டதில்லை.
பசி வந்தால் ஹபீபாவின் இடது தோள் இறங்கும்.
பரங்கிப்பேட்டைக்காரி, வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.
வண்டியை ஒட்டிக் கொண்டுபோவேன்,
உரித்த வாழைப்பழத்தை ஜன்னல் வழியே நீட்டுவான்
பாவாடைராயன். பஞ்சர் ஒட்ட வந்த பையன்,
கையில் சொல்யூஷன் வாசனை. பழத்திலும்.

பண்ருட்டி தாண்டியதும் கரும்பு டிராக்டர்கள்,
பின்விளக்கில்லாமல் மலை மலையாய்.
எதிர்க்காற்று பிடித்தது.
கடல் கிட்டத்தில் என்று அதுதான் முதலில் சொன்னது.
நெல்லிக்குப்பம் ஆலையின் புளித்த வாடைக்குப் பிறகு
ஒரு ரயில்வே கேட்,
அடைத்திருந்தது.

இந்தப் பக்கம் தெரேஸ், ஒரு கால் ஊன்றி.
அந்தப் பக்கம் ஹபீபா,
பாவாடைராயனின் மச்சான் குட்டியானையில்
முன்னாலேயே போய் இறங்கிக் காத்திருந்தாள்.
கையும் கையும் தொட்டால்தான் முறை மாறும்.
நடுவில் சரக்கு ரயில்.
ஒரு பெட்டி. இடுக்கில் ஹபீபா.
மறுபடி பெட்டி. மறுபடி ஹபீபா,
இப்போது கை நீட்டியபடி.
முப்பத்தொன்பது வரை எண்ணினேன்.
"எண்ணாதீங்கண்ணா" என்றாள் தெரேஸ்.

கடைசிப் பெட்டி போனதும்
கேட் தூக்குமுன்பே குனிந்து புகுந்துவிட்டாள்.
கேட்மேன் வாயில் வந்ததெல்லாம் திட்டினார்.
தண்டவாளத்தின் மேல் தொட்டுக்கொண்டார்கள்.
ஹபீபா போய்விட்டாள்,
என் வெளிச்சம் இல்லாமல், முதல் தடவையாக.

சிவப்புப் பொட்டு சின்னதாகிக்கொண்டே போனது.
கேட்மேனுக்கு என்மேலும் கோபம்,
மெதுவாகத்தான் தூக்கினார்.
மூன்றாம் கியர், நான்காம் கியர்.
ஒரு டிராக்டர். இன்னொன்று.
அதற்கு முன்னால் அவள்.
ஒன்றும் ஆகவில்லை. சும்மா சொல்கிறேன்.
நிழல் முன்னால் விழுந்ததும் திரும்பிப் பார்க்கவில்லை,
தோள் மட்டும் தளர்ந்தது.
பசியில்லை அது.

மஞ்சக்குப்பத்திலிருந்து நான்கு பேரும் சேர்ந்து மிதித்தார்கள்.
தேவனாம்பட்டினத்தில் மணல் தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டேன்,
புதைந்தால் யார் தள்ளுவது?
அலைப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.
அவர்கள் நாலாகப் பங்கு போட்டுக்கொண்ட தூரம்
முழுசாக என் மீட்டரில் இருந்தது.
பாவாடைராயன் பின்சீட்டில் வாய் பிளந்து தூங்கினான்.

ஐந்தரைக்குத் துறைமுகத்தில் ஐஸ் ஏற்ற வேண்டும்.
"ரெண்டு நாளா எங்கய்யா ஆளக் காணோம்?"
என்று கேட்பார்கள்.
பின்னால போயிட்டிருந்தேன் என்று சொல்லலாம்.

பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு பால்காரர்,
இரண்டு பக்கமும் கேன்,
சைக்கிள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது.
சாலை காலி. கால் ஆக்சிலேட்டரை அழுத்தவில்லை.
பாலம் முடியும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தவர்
கடைசியில் கையை வீசிக் கத்தினார்:
"போய்த் தொலையேன்யா!"