கானான் விளை, சர்வே எண் 214

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு குடையோடு வந்திருந்தார்கள்,
தேரி வெயிலுக்கு.
ஞானக்கண் கையில் கறுப்பு.
கிருபைநாதன் கையில் பூப்போட்டது, மனைவியுடையதாயிருக்கும்.
நடுவில் உடைமுள் வேலி. அதன் மேல் ஓர் ஓணான்
யாருக்கென்றில்லாமல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

“கானான் விளை, மேடம். அப்பா எனக்குன்னு வாக்குப் பண்ணுனது.”
“எனக்குந்தான பண்ணுனாரு.”
பதிவேட்டைப் பிரித்தேன்.
கானான் இல்லை அதில்.
பாலும் இல்லை, தேனும் இல்லை.
புஞ்சை. கல்லாங்குத்து.
அறுபத்தோரு ஏர். பனை முப்பத்திரண்டு.

இந்த ஊர் முழுக்க இப்படித்தான்.
ஐப்பசியில் பதினைந்து நாள் யோர்தான் ஓடும்;
மற்ற நாளெல்லாம் அது மணல் லாரித் தடம்.
குடிக்க ஆகாத கிணற்றுக்கு உப்புக்கடல் என்று பெயர்.
எரிகோ, பழைய பஞ்சாயத்துக் கட்டடம்.
எக்காளம் எதுவும் ஊதாமலே
போன மழையில் அதன் மேலச்சுவர் விழுந்தது.

மதியம் பனைநிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம்.
தூக்குவாளியைத் திறக்கும் முன்
கிருபைநாதன் வேதப்புத்தகத்தின் கடைசித் தாள்களைத் திறந்தார்,
கானான் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்ட.
மஞ்சளும் வெளிர்நீலமுமாய் நாலைந்து வரைபடம்,
எல்லாம் ஒரே மண்ணுக்கு.
லூஸ் என்றிருந்த ஊரில் ஒருவன் கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினான்;
விழித்ததும் அது பெத்தேல்.
லாயீசை எரித்துவிட்டுத் தாண் என்றார்கள்.
எபூசு எருசலேம் ஆனது.
ஒரே ஏரிக்கு
கின்னரேத், கெனேசரேத்து, திபேரியா, கலிலேயா.
மீனுக்கு எது தெரியும்?
பிறகு ரோமாபுரிக்காரன் வந்து
யூதேயாவை அடித்துப் பாலஸ்தீனா என்று எழுதினான்.
அடித்தல் திருத்தலுக்குக் கையொப்பம் வேண்டும் எங்கள் ஆபீசில்.
அங்கே வாள் போதுமாயிருந்திருக்கிறது.

தெற்கு ஓரத்தில், கடலையொட்டி, சின்ன எழுத்தில் காசா.
ஒரு தாளிலும் அதற்குப் பெயர் மாறவில்லை.
காலையில் பஸ்ஸில் வரும்போது
என் செல்போனில் பார்த்த வரைபடத்திலும் மாறவில்லை.
சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, வடகிழக்கு மூலையில்
பழைய எல்லைக்கல்லைத் தேடிக் கடப்பாரை இறக்கிய இசக்கிதுரை
“மேடம்” என்றான். குரல் மாறியிருந்தது.
கல்தான். ஆனால் எல்லைக்கல் அல்ல.
காரை பூசி, மேலே குறுகிய பீடம்,
மண்ணுக்குள் இத்தனை காலம் நின்றபடியே.
இசக்கிதுரை செருப்பைக் கழற்றினான்.
அண்ணனும் தம்பியும் காலையிலிருந்து முதல்முறையாக
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“மாடன் விளைன்னு ஒரு பேச்சு உண்டு,” என்றார் ஞானக்கண், தொண்டையைச் செருமி.
“கோயிலுக்குச் சேருமுன்ன.”
“அதுக்கும் முந்தி?”
பதிலில்லை. காற்று வந்து
குழிக்குள் கொஞ்சம் செம்மணலைத் தள்ளிவிட்டுப் போனது.

நாடாவை மூன்று முறை பிடித்தேன்.
மூன்று முறையும் கோடு பீடத்தின் நடுவே போனது.
அவர் பக்கம் ஒரு சாண், இவர் பக்கம் ஒரு சாண்.
எடுத்து எறியச் சொல்லவில்லை இருவரும்.
எனக்கு வேண்டும் என்றும் சொல்லவில்லை.
“அப்படியே மூடிருவே,” என்றார் கிருபைநாதன்,
இசக்கிதுரையிடம், ரொம்ப மெதுவாக.

மூடினான். பக்கத்தில் அரசாங்கக் கல்லை நட்டோம்.
அதில் அம்புக்குறி மட்டும்.
படிவத்தில் பெயருக்குக் கட்டம் கிடையாது.
214/1அ, 214/1ஆ.
கையெழுத்துப் போட்டார்கள், ஒரே பேனாவில்.

“அங்க யாரு மேடம் அளந்தா?”
சங்கிலியைச் சுருட்டியபடி இசக்கிதுரை கேட்டான்.
“சீட்டுப் போட்டாங்களாம்.”
“ஏற்கெனவே அங்க இருந்தவங்க பேர் சீட்டுல உண்டுமா?”
பஸ் வந்துவிட்டது.

“எங்க ஏறுனீங்க?” என்றார் கண்டக்டர்.
கானான் என்று வாய்வரை வந்தது.
“ஓடைப்பாலம். தின்னவேலி ரெண்டு” என்றேன்.
எச்சில் தொட்டுக் கிழித்த டிக்கெட்டில்
ஊர் இல்லை,
ஸ்டேஜ் எண் மட்டும்.