பதினொன்று

பேசக் கூடாது என்பது விதி.
மேலங்கிப் பைக்குள் கைகளைப் போட்டுக்கொண்டு
நாற்பது நிமிடம் நிற்க வேண்டும்.
படிவத்தில் பதினாறு கட்டங்கள்,
பதினைந்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்.

ஓடீல் தெரியோ, முதலாண்டு.
செயின்ட் ஜான்ஸுக்கு வந்து ஏழு மாதம்.
துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு ஊதும்போதெல்லாம்
கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்கிறாள்.
அதற்குக் கட்டம் இல்லை.

பலகையில் பெருங்குடல்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
இரவு முழுக்க ஃபார்மலினில் ஊறி
நனைந்த பெல்ட்டின் நிறத்துக்கு வந்திருக்கிறது.
வாளியின் சீட்டை உரக்கப் படிக்கிறாள்.
விண்ணப்பத்தோடு ஒருமுறை ஒப்பிடுகிறாள்,
இன்னொரு முறை.
ஐந்து போட்டேன்.

வெட்டு விளிம்புகளுக்கு மை.
கறுப்பு சரியாக நின்றது,
நீலம் சொட்டி, போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.
அதைத் துடைக்காமல்
"நீலம் சிந்தியது" என்று ஒலிப்பதிவில் சொன்னாள்.
மைக்கு இரண்டு.
சொன்னதற்கு எங்கே போடுவது?

கட்டி நான்கு புள்ளி ஒன்று.
கத்தியை அறுக்காமல் இழுக்கிறாள், நல்லது.
துண்டுகள் ரொட்டி போல வரிசையாகச் சாய்ந்தன.

பிறகு கொழுப்பு.

நிணத்துக்குள் நிணக்கணு தேடுவது
கண்ணால் ஆகிற காரியமில்லை.
விரலிடுக்கில் வைத்துப் பிசையப் பிசைய
எல்லாம் வழுக்கிப் போகும்;
போகாமல் நின்று எதிர்க்கிறதே, அதுதான்.
உடைத்த பட்டாணி போல ஒன்று.
குண்டூசித் தலை போல மூன்று.

பன்னிரண்டு வேண்டும்.
குறைந்தால்
"பரவவில்லை" என்று நாங்கள் எழுதுவதை
யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள்.
சீட்டிலிருக்கும் அந்த அறுபத்தொரு வயதுக்கு
தேவையோ இல்லையோ
ஆறு மாதம் மருந்து ஏறலாம்.

முப்பத்தோராம் நிமிடம்: பதினொன்று.
மறுபடி முதலிலிருந்து பிசைந்தாள்.
முப்பத்தெட்டு: பதினொன்று.

கடைசிக் கணு பெரியது, அவரை விதை அளவு.
அதை எடுத்துப் பலகையில் வைத்து
சரியாக நடுவில் வெட்டினாள்.

எனக்கு அந்த வெட்டு தெரியும்.
பதினெட்டு வருடத்துக்கு முன், ஹாமில்டனில்,
வெள்ளிக்கிழமை, ஏழு மணி தாண்டி,
ஒரு பாதியை ஒரு பெட்டியில் போட்டேன்
மறு பாதியை இன்னொன்றில்.
பன்னிரண்டு என்று எழுதினேன்.
மெழுகு இரண்டையும் மூடிக்கொண்டது.
யாரும் கேட்கவில்லை.
அந்த நோயாளியின் எண் இன்னும் நினைவிருக்கிறது,
ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

பைக்குள் என் கைகள் வியர்த்திருந்தன.

ஓடீல் இரண்டு பாதிகளையும்
ஒரே பெட்டிக்குள் வைத்தாள், வெட்டுமுகம் கீழே.
"ஒரு கணு, இரண்டாக" என்றாள்.
"மொத்தம் பதினொன்று.
கொழுப்பு மறுபடி ஊறட்டும். நாளைக்குத் தேடுகிறேன்."

நேரம் மீறிவிட்டது, இரண்டு.
கடைசிக் கட்டம்:
மேற்பார்வையின்றித் தனியே விடலாமா?
"இன்னும் இல்லை" என்று எழுதினேன்.
மை சிந்தியது உண்மை, நேரமும் உண்மை.
கீழே டாக்டர் நோஸ்வொர்த்தி என்று கையெழுத்திட்டேன்.
அவள் படித்துவிட்டு "சரி" என்றாள்,
கையுறையைக் கழற்றும்போது மணிக்கட்டில் சிவந்த வளையம்.

போன பிறகு
கையுறை மாட்டிக்கொண்டு அதே கொழுப்பில் கை வைத்தேன்.
இருபத்தைந்து நிமிடம்.
எல்லாம் வழுக்கிப் போனது.

வாளியை மூடினேன்.
சீட்டை ஒருமுறை படித்தேன்,
இன்னொரு முறை.