பதினான்காம் வரி

காற்புள்ளி போட்டால் சமம்.
அம்புக்குறி போட்டால் ஒருவழிப் பாதை.
இணைச்சொல் கோப்புக்கு இலக்கணம் அவ்வளவுதான் என்றான் தூரா.
அவனுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவன் நிரல் பாதிதான் புரியும்.
யாங்கோனில் மின்சாரம் வருகிற நான்கு மணி நேரத்துக்கு
நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆள்.

துறைமுகத் தமிழர் சகாய சங்கத்தின் பேரேடுகள்,
கரையான் தின்றது போக முப்பத்தொன்று.
வேலை என்னவோ எளிது:
யாராவது 'இறந்தார்' என்று தேடினால்
இறந்தவர்கள் எல்லாரும் வர வேண்டும்.

ஆனால் ஒருவர்கூட அதில் இறக்கவில்லை.
லேவாதேவி அடைக்கப்பர் சிவபதம் அடைந்தார்.
மாசிலாமணி கர்த்தருக்குள் நித்திரையானார்.
காதர் மொய்தீன் மவுத்தானார்.
அரிசி ஆலைச் சுமைகாரர் மூன்று பேர் மட்டும்
வெறுமனே செத்தார்கள்,
ஒரே வரியில், பெயருக்கு இடம் விடாமல்.
எல்லாவற்றையும் காற்புள்ளியால் கோத்தேன்.
அடைக்கப்பரும் சுமைகாரரும் சமம்:
சங்கத்தில் ஒருநாளும் நடக்காதது
கோப்பின் எட்டாம் வரியில் நடந்தது.

அப்புறம் 'தவறினார்' என்பதையும் சேர்த்தேன்.
அட்டவணையை மறுபடி கட்ட ஏழு நிமிடம்.
முதல் விடையாக வந்து நின்றவர் உண்ணாமலையப்பன்:
பிப்ரவரிக் கப்பலைத் தவறினார்,
சீட்டுப் பணம் பதினெட்டு ரூபாய் திருப்பித் தரவும்.
எண்பது வருடம் கழித்து
ஆளைக் கொன்றிருக்கிறேன்.
தூரா சிரித்தான், நானும்தான்.
பக்கத்தில் 'கப்பல்' இருந்தால் விலக்கு என்று
அவன் ஒரு விதி எழுதினான்.
உண்ணாமலையப்பன் எழுந்து போய்விட்டார்.

என் பெயரும் இந்த ரகம்தான்.
அடையாள அட்டையில் கின் தான் நு,
சோற்றுக்குக் கூப்பிடும்போது அலர்மேல்வள்ளி.
காற்புள்ளியா, அம்பா என்று கேட்டான்.
அம்பு என்றேன்.
எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

பதினான்காம் வரியில் நின்றுபோனது.
1942. கலேவா வழியாக நடந்து போனவர்கள்.
ரெங்கம்மாள், கைக்குழந்தையோடு. போய்ச் சேர்ந்தார்.
பெரியகருப்பன். போய்ச் சேர்ந்தார்.
சந்தியாகு. போய்ச் சேர்ந்தார்.
நூற்று ஆறு பேர்.
ஒரே கையெழுத்து, ஒரே மை.
எங்கே என்று இல்லை.
நான்காம் வேற்றுமையை எழுத்தர்
வழியில் எங்கோ விட்டிருக்கிறார்,
மூட்டை முடிச்சுகளை விட்டதுபோல.

எங்களிடம் ஊர் எட்டுவதற்கும் உயிர் போவதற்கும்
சில நேரம் ஒரே வினைச்சொல் என்று தூராவுக்குச் சொன்னேன்.
'அப்படியானால் எப்படிப் பிரித்துக்கொள்வீர்கள்?'
'சொல்கிறவர் முகத்தைப் பார்த்து.'
அவன் பேரேட்டைத் திருப்பிப் பார்த்தான்.

செலவுப் பத்தியைத் தேடினேன்.
கோடித்துணி இல்லை, விறகு இல்லை,
சுகம் என்று தந்தி வந்த குறிப்பும் இல்லை.
ரெங்கம்மாளுக்கு எதிரே மட்டும்
முக்கால் அணா, தபால்.
வந்த தபாலா, போன தபாலா,
யாருக்குத் தெரியும்.

சேர்த்தால் இறந்தவர்கள் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
சேர்க்காவிட்டால் ஆயிரத்து இருநூற்று ஆறு.
'எண் வேண்டும். அறிக்கைக்கு' என்றான் தூரா.
கீழே தெருவில் ஜெனரேட்டர்களை
இப்போதே இழுத்துப் பார்க்கிறார்கள்.

வரியின் தொடக்கத்தில் ஒரு # போட்டேன்.
அதைப் போட்டால் இயந்திரம் அந்த வரியைப் படிக்காது.
மனுஷர் படிக்கலாம்.

சேமித்தாயிற்றா என்றான்.
விளக்கு போன பிறகு
பதில் சொன்னேன்.