அறுபது யூரோ மிச்சம்

பதினொரு பங்குதாரர்கள். ஏழு கைகள் உயர்ந்தன.
உயராத நான்கில் ஒன்று என்னுடையது,
மேசைக்கடியில், முழங்காலைப் பற்றிக்கொண்டு.
எல்கோய்பாரில் அன்று மழை.
எல்கோய்பாரில் எப்போது மழையில்லை.

ஒசானே விலையை வாசித்தாள்:
நான்கு லட்சத்து எண்பதாயிரம் யூரோ.
வெட்டுக்கருவிகள் தனி. குளிர்திரவம் தனி. பயிற்சி தனி.
தரையைப் பெயர்த்துப் புதுக் கான்கிரீட் போடுவது தனி.
எத்தனை முறை "தனி" என்றாள் என்று
தாளின் ஓரத்தில் கோடு போட்டேன். பத்தொன்பது.

வந்து சேர்ந்தது.
கூரையில் ஒரு பகுதியைக் கழற்றித்தான் உள்ளே இறக்கினோம்.
ஐந்து அச்சு. தொட்டில் போல ஒரு மேசை.
அதில் டைட்டானியக் கட்டியைக் கிடத்திவிட்டால்
சாய்க்கிறது, சுழற்றுகிறது,
முனை எட்டாத இடத்தை முனைக்குக் காட்டுகிறது.
நான்கு இயந்திரம், ஏழு முறை மாற்றிப் பிடித்தல், ஒன்பது நாள்
என்றிருந்த வேலை
ஒரே பிடியில், பதினொரு மணி நேரத்தில்.

மயிரிழையில் தப்பினேன் என்கிறோமே,
அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் மயிரிழை பெருந்தூரம்.
அதைப் பதினைந்தாய்ப் பிளந்தால் கிடைப்பதுதான்
அங்கே மன்னிக்கப்படும் பிழை.

சரி, அழகுதான். ஒத்துக்கொண்டேன்.
தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வளைந்து வந்த
அந்த முதல் காற்றாடிச் சக்கரத்தை
மதியச் சாப்பாட்டை மறந்து கையில் வைத்திருந்தேன்.

ஆனால் கணக்கு எழுதுகிறவள் நான்.
முப்பத்தெட்டு கிலோ உள்ளே போகிறது, நாலு கிலோ வெளியே வருகிறது.
மிச்சமெல்லாம் தொட்டியில் சுருள் சுருளாய்.
வாங்கிய விலை சொன்னால் வயிறு எரியும்,
விற்கிற விலை கிலோ மூன்று யூரோ.
வேண்டாததை நீக்கத்தான் இத்தனை செலவு.

ஓடினால் மணிக்கு எண்பத்தாறு, நின்றால் அறுபத்தொன்று.
யானையைக் கட்டித் தீனி போடும் கணக்கு.
யானையாவது இரவில் கொஞ்சம் உறங்கும்,
இதை உறங்கவிட்டால் தவணை விழித்துக்கொள்ளும்.
ஆகவே ஆளில்லா இரவுகள்:
நிரலை ஏற்றி, விளக்கணைத்து, கதவைப் பூட்டி
எல்லோரும் வீட்டுக்கு.

மார்ச் மாதக் கொள்முதலில் கருவிப்பிடிகள் இருந்தன.
ஒன்று நூற்றுத் தொண்ணூறு.
வேறொரு பட்டியலில் அதே கூம்பு, அதே நீளம், நூற்று முப்பது.
அறுபது யூரோ மிச்சம். பச்சை மையில் எழுதினேன்.
அதன் கழுத்து ஆறு மில்லிமீட்டர் கூடுதல் தடிமன்.
அதுவும் பட்டியலில் இருந்தது,
நான் படிக்காத பத்தியில்.

பெஞாத் திரையில் ஓட்டிப் பார்த்தபோது
பழைய கழுத்தைத்தான் ஓட்டினான். எங்கும் இடிக்கவில்லை.
அதிகாலை 2:14.
மேசை நாற்பத்தொரு பாகை சாய்ந்தபோது
புதுக் கழுத்து தகட்டில் மோதியது.
தேபா ஆற்றுக்கு அக்கரையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
சத்தம் கேட்க யாருமில்லை.
நேரத்தை மட்டும் இயந்திரம் குறித்து வைத்தது.

சுழல்தண்டு மாற்ற முப்பத்தோராயிரம்.
ஆறு வாரம்.
ஜெர்மனியிலிருந்து ஆள் வந்து தங்குவது
தனி.

கூட்டத்தில் பெஞாத் எழுந்தான்,
"என் தவறு" என்றான், காலணியைப் பார்த்தபடி.
மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.
அன்றே சொன்னேனே என்று நான் தொடங்குவதற்கு
எல்லோரும் இடம்விட்டுக் காத்திருந்தார்கள்.
ஒசானே பேனாவைக்கூட மூடிவிட்டாள்.

யாரும் வாக்குக் கேட்கவில்லை.
கையை உயர்த்தினேன்.
நூற்று முப்பது யூரோ பில்லை
மேசை நடுவே தள்ளினேன்.

இப்போது என் மேசையில் ஒரு வெர்னியர் அளவி கிடக்கிறது.
நாற்பத்திரண்டு யூரோ, என் சொந்தப் பணம்.
வருகிற எல்லாவற்றின் கழுத்தையும் அளக்கிறேன்,
பெஞாத் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

மார்ச் பக்கத்தில் அந்த அறுபதை
இன்னும் அடிக்கவில்லை.
பச்சையாகவே இருக்கிறது.