தொழில் என்ற கட்டம்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகம்.
காணிப் பெர்மிற் தொலைந்தவர்களுக்கான வாங்கில்
வில்லி வந்து இருந்தாள்.

போன வெள்ளி இரவு ஏழரைக்கு
மருமகளை மாடிப்படியில் தள்ளிவிட்டவள்.
மூன்று மாதக் கர்ப்பம்.
பியோன் கனகேஸ்வரன் தேத்தண்ணித் தட்டோடு
அவளைச் சுற்றிக்கொண்டு போனான்.
பக்கத்தில் இருந்தவ நேரேயே கேட்டா:
"அந்தப் பிள்ளை தப்புமோ?"
"அடுத்த கிழமை தெரியும் அக்கா" என்றாள்,
ஆஸ்பத்திரித் தாதிபோல.

படிவத்தில் முழுப்பெயர்:
தம்பிப்பிள்ளை அமிர்தகௌரி.
பிறந்த இடம் கற்சிலைமடு.
தகப்பனின் காணி, அரை ஏக்கர், முதிரை இரண்டு.
தொழில் என்ற கட்டத்தில் பேனை நின்றது.

"ஒண்டுதான் எழுதலாமோ தம்பி?"

கட்டம் சின்னது. ஒண்டுதான்.

நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.
தொண்ணூற்றாறு. பற்றறிக்குத் தடை.
தாண்டிக்குளம் தாண்டி ஒரு கசற்
சவர்க்காரப் பெட்டிக்குள் வந்தது.
அட்டையில் கறுப்புக் கண்ணாடி, கட்டையாய் வெட்டிய மயிர்,
வேறு பெயர்.
சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி
டைனமோவில் வயர் கொழுவி
நான் கையால் மிதியைச் சுற்ற
அவள் பாடினாள்.

கடற்கரை, ஐஸ்கிறீம், வா வா என்ற மாதிரி ஒரு பாட்டு.
ஐஸ்கிறீமைக் கண்டு அப்போது ஆறு வருசம்.
கை உளைந்தால் அவள் குரல் தடிக்கும்,
ஆணாகும், கிழவனாகும்,
முனகிக்கொண்டே நின்றுபோகும்.
அக்கா துளசி கத்துவாள்:
"சுத்தடா, சாகப்போறாள்!"
சுற்றினேன். பிழைத்தாள்.
ஒரு பின்னேரத்துக்கு நாலைந்து தரம்.

பிறகு, கரண்ட் வந்து, போன் வந்து,
அதே பாட்டைத் தேடிப் போட்டேன்.
தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகம்.
யாரோ பாடுகிற மாதிரி இருந்தது.
துளசியிடம் கேட்கத் துளசி இல்லை.

"தம்பி?"

"உங்களுக்கு எது விருப்பமோ அது, அம்மா."

நடிகை என்று எழுதி வெட்டினாள்.
பாட என்று தொடங்கி
அதையும் வெட்டினாள்.
ஓரத்தில், நெருக்கி, சுயதொழில்.
வெட்டின இடங்களுக்குச் சின்னக் கையொப்பம் வைக்கவேணும்.
வைத்தாள்,
எந்தப் பெயரில் என்று கொஞ்சம் யோசித்து.

முத்திரை குத்தினேன்.
எழும்பும்போது கேட்டாள்:
"அந்த முதிரை ரெண்டும் நிக்குதோ?"

"அடுத்த கிழமை தெரியும் அக்கா."

சிரித்தாள்.
பாட்டுக்கு முன்னால் கசற்றில் கிடந்த சிரிப்பு.
அது மட்டும்
நான் சுற்றின வேகத்தில் இருந்தது.