கண்சிமிட்டும் பெட்டி

ஜொகானஸ்பர்க்கின் கிழக்கு மேட்டில்
அந்தக் குவிமாடத்தின் பூட்டு
மூன்று பேர் கையெழுத்துக்குத்தான் திறக்கும்.
பாதுகாக்கப்பட்ட சின்னம்.
ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட் கூடாது.
சக்கரத்துக்கு எண்ணெய் விடக் கேட்டு எழுதி
பதினோரு வாரம் ஆகிறது.
செம்புக் கம்பியை அறுத்துப்போனவன் மட்டும்
யாருக்கும் எழுதவில்லை.

என் வேலை கண்ணாடித் தகடுகள்.
துடைத்து, எண் போட்டு, உறையிலிட்டு,
கீறல் இருந்தால் கீறல் என்று எழுதுவது.
தெளிந்த கண்ணாடியில் கறுப்பு நட்சத்திரங்கள்,
கை தவறிக் கொட்டிய கடுகு மாதிரி.

மூலையில் அந்தப் பெட்டி.
ஒரே வானத்தின் இரண்டு தகடுகள்,
இடையில் ஐந்து வருஷம்.
நெம்பைத் தட்டத் தட்ட
இது, அது, இது, அது.
நின்றவை நின்றபடி இருக்கும்.
இடம்பெயர்ந்தது மட்டும் துள்ளும்.
சூரியனை விட்டால்
நமக்கு மிகப் பக்கத்து நட்சத்திரம்
இந்த மேட்டில்தான் துள்ளி அகப்பட்டதாம்.
பக்கம் என்றால்
ஒளிக்கே நான்கு வருஷம் பிடிக்கும்.

நேற்று ஃபூரி கார் கிளம்பியதும்
ஒரு தப்புச் செய்தேன்.
அப்பாவின் நெகட்டிவ் இரண்டைச் செருகினேன்.
பேஜ்வியூ, எங்கள் தெரு, அறுபத்தாறு.
அதே தெரு, எழுபத்தெட்டு.
இரண்டும் பள்ளிவாசல் மாடியிலிருந்து.
அதை மட்டும் இடிக்கவில்லை.

தட்டினேன்.
சின்னப்பன் படையாச்சி தையற்கடை.
மண்.
தையற்கடை.
மண்.
எங்கள் வாசல், குழாய், குழாயடியில் வாளி.
மண், மண், மண்.
எதுவும் துள்ளவில்லை.
கொஞ்சம் நகர்ந்ததைத்தான்
இதற்குக் காட்டத் தெரியும்.
வீட்டோடு பெயர்த்து
முப்பது கிலோமீட்டர் தள்ளி லெனேசியாவில்
கொட்டியதைக் காட்ட
தகட்டில் இடமில்லை.

இங்கிருந்த தொலைநோக்கிகளும்
அந்தப் பத்தாண்டில்தான் போயின.
நகர வெளிச்சம் தாங்காமல்
கரூவின் இருட்டுக்கு,
வைக்கோல் வைத்து, பெட்டியடித்து,
லாரியில் கூடவே நாலு பேர்.
அவை விட்டுப்போன கூட்டுக்கு
இன்று வெண்கலப் பலகை.
கோபம் இல்லை.
பலகையை நான்தான் வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறேன்.

கடைசியாக ஒருமுறை தட்டியபோது
வலது ஓரத்தில் ஏதோ துள்ளியது.
மூச்சை அடக்கி
இன்னும் ஒன்பது முறை தட்டிப் பார்த்தேன்.
துள்ளியது, துள்ளியது.
ஆளா? தாவணியா? அம்மா வளர்த்த அந்த நொண்டி வாத்தா?

தூசி.

ஊதவில்லை.
வாசலில் ம்தோகோசிசி
சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தான்.
பதிவேட்டைத் திறந்து,
தகடு எண் இடத்தில் கோடு போட்டு,
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
நகர்வு உண்டு.
அளக்கப்படவில்லை.