கலம் நிரப்புதல்

புதுப்பேட்டையில்
கதவு தனியே கண்ணாடி தனியே
ஸ்டியரிங் தனியே தொங்கும் சந்தில்
முழுசாக ஒரு பசு நின்றது.

கைப்பேசியில் செயலியைத் திறந்தேன்.
கால்நடைக் கணக்கெடுப்பு. வீட்டு எண், தலைவர் பெயர்.
தேசிங்கு என்றார். அம்பத்தாறு வயசு.
இனம்?
'ஜெர்சி கலப்பு. எதோட கலப்புன்னு
ஊசி போட்டவரத்தான் கேக்கணும்.'
எத்தனை?
'ரெண்டு.'

சுவருக்குப் பின்னால் மூன்றாவது இருமியது.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.
அபராதம் இல்லைண்ணே, நான் மாநகராட்சி இல்ல, கணக்கு மட்டும்தான்.
'புடிச்சிட்டுப் போனவனும்
மொதல்ல எண்ணத்தாம்மா எண்ணினான்.'

சரி, இரண்டு.

பால்?
இதில் மட்டும் அவருக்குப் பொய் வராது.
பால்காரன் தண்ணீர் கலப்பான் என்று
தெருவே சொன்னாலும்
லிட்டர் சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துவிடும்.
'காலையில பத்தொன்பது, சாயங்காலம் பதினாலு.
இவ அம்மா மொத்தமே ஏழு. அவளுக்கு அம்மா
நாலு லிட்டருக்கே நாள் முழுக்க உதைப்பா.'
முப்பத்துமூன்று என்று தட்டினேன்.
மூன்று மடியின் பால்
இரண்டு மாட்டின் பெயரில் ஏறியது.
செயலி வகுத்துக்கொண்டது: பதினாறரை.
பச்சை டிக் விழுந்தது.

ஆண் கன்று?
'இல்ல.'
அடுத்த வீட்டிலும் இல்லை என்றார்கள்.
கோமளீஸ்வரன்பேட்டையில் ஒன்பது வீடு, அங்கும் இல்லை.
பாலைக் காலியாக விட்டால் சிவப்பில் கத்தும் செயலி
பூஜ்ஜியத்தை எதுவும் கேட்பதில்லை.
'பொட்டையா பொறக்கவே இப்ப தனி ஊசி வந்திருக்கும்மா.'
அதுக்கு முன்னாடி பொறந்ததெல்லாம்?
எதிரே ஒரு பையன்
வண்டியின் வயிற்றிலிருந்து
எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.
'இந்தத் தெருவுல நின்னுகிட்டு
எது எங்க போச்சுன்னு கேக்கலாமா?'

நாகபூஷணம் டீ போட்டு வந்தார்.
பாக்கெட் பால்.
'நம்மது அஞ்சு மணிக்கே எழும்பூர் காப்பிக் கடைக்குப் போயிடும்.
வீட்டுக்கு இதுதான், நீலம்.'
மூலை கடித்த கவரைத் தொட்டியில் எறிந்தார்.
பசு தலையை நீட்டி அதை நக்கியது,
எந்த ஊர், யாருடைய மடி,
எத்தனை ஆயிரம் மடி என்று
நாக்கால் விசாரிப்பதுபோல.
'சீ, விடு' என்று பிடுங்கி
இந்த முறை சைக்கிள் கூடையில் போட்டார்.

போன கணக்கெடுப்பில் இந்த வார்டில் நாற்பத்தொன்று.
இப்போது பதினேழு.
இருமியதைச் சேர்த்தால் பதினெட்டு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில்
ஷகீலா மேடம் சுவரில் படம் காட்டினார்.
நாட்டு மாடு இறங்கும் கோடு.
கலப்பினம் ஏறும் கோடு.
பால் எல்லாவற்றுக்கும் மேலே,
படத்தை விட்டு வெளியே போகப் பார்க்கும் கோடு.
நாடு முழுக்க இப்படித்தான் என்றார்,
குறைவான வாய்க்கு நிறைவான பால்.
அம்புக்குறி வந்து நின்றது என் வார்டில்.
'ஒரு மாட்டுக்குப் பதினாறரை! பாருங்க.'
கைதட்டினார்கள்.
நானும் தட்டினேன், தாமதமாக.

நாடு முழுக்க என்றதும்
நாடு முழுக்க உள்ள சுவர்கள் ஞாபகம் வந்தன.
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
ஏதோ ஒன்று தொண்டையைக் கனைத்தது.
அப்படியெல்லாம் இருக்காது.
நான் எண்ணியது ஒரு வார்டு.

இடைவேளையில் மேடம் அருகில் வந்தார்.
'அந்தச் சந்துல என்ன தீவனம் போடுறாங்க?
கேட்டு எழுதிக் கொடுங்க, எல்லா மண்டலத்துக்கும் அனுப்பலாம்.'

தவிடு. காய்கறிக் கழிவு.
விடிகாலையில்
புதிதாக ஒட்டிய சுவரொட்டி,
மைதாப் பசை காய்வதற்குள்.

தவிடு என்று மட்டும் எழுதினேன்.